முலாண்டியின் ஆடும் கணக்குப் பரீட்சையும்

கவும்பூனி ஊர்க்காரர்கள் தலைமை ஆசிரியரை வீட்டுக்கு அனுப்புவதற்கென்றே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எட்டாம் வகுப்பு அரசுத் தேர்வில் பிள்ளைகள் மண்ணைக் கவ்வினால், பச்சை மரக்கிளைகளை ஒடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு ஊர்வலம் வருவார்கள். ஆபீஸ் கதவில் புதுப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, சாவியைப் பெற்றோர் குழுத் தலைவர் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கிதூயி நகரத்திலிருந்து கல்வி அதிகாரி ஜீப்பில் வந்து வேறு ஆளைப் போடுகிறேன் என்று வாக்குக் கொடுக்கும்வரை பூட்டு திறக்காது. மும்புவா டீச்சருக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் இந்த மரியாதையோடுதான் ஊரைவிட்டுப் போனார்கள்.

போன ஜனவரியில் மும்புவாவுக்கும் கிளை ஒடித்தார்கள். பாஸ்டர் குறுக்கே விழுந்து தடுத்தார்.

"அந்தம்மா வந்தே நாலு மாசம்தான் ஆகுது. விதைக்காதவங்ககிட்ட அறுவடை கேட்டா எப்படிப்பா? ஒரு வருஷம் குடுங்க."

குழுத் தலைவர் முலாண்டி யோசித்தார். ஆட்டு வியாபாரி அவர். பெரிய குரல், பெரிய தொப்பி. பூட்டைக் கையில் எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தார். "சரி டீச்சர். ஒரு வருஷம். பூட்டு எங்கேயும் போகாது. துருப்பிடிக்காம நான் பாத்துக்கிறேன்" என்றார். சொன்னபடியே சந்தை ரோட்டில் இருக்கும் தன் ஆட்டுப்பட்டிக் கம்பத்தில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டிவைத்தார். மும்புவா கடைக்குச் சீனி வாங்கப் போனாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாலும் சரி, அது வெயிலில் பளபளவென்று அவளைப் பார்த்துச் சிரிக்கும்.

இதற்கு முன் வேலை பார்த்த ஊரிலும் இப்படி ஆபீஸைப் பூட்டித்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். இரண்டாவது முறையும் பூட்டினால் தலைமை ஆசிரியர் பதவி போகும். நாற்பத்தைந்து வயதில் யாரோ ஒரு சின்னப்பையனின் கீழ் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைவிட அவளுக்குப் பெரிய வேதனை வேறொன்று. இந்த ஊர்ப் பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். முட்டாள்கள் என்று முடிவுகள் மட்டும் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தன.

அதுவும் கணக்கில்தான் கழுத்தறுப்பு. அறிவியல் பரவாயில்லை, சுவாஹிலி நன்றாகவே இருக்கும், சமூக அறிவியலில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களைத் தூக்கிச் சாப்பிடுவார்கள். கணக்கு மட்டும் பாதாளத்தில் கிடக்கும், ஆங்கிலம் அதற்கு ஒரு படி மேலே. சராசரி போட்டால் ஊர் மானம் கப்பலேறும்.

அந்த வருஷம் முழுக்க மும்புவா கணக்கோடு மல்லுக்கட்டினாள். நாலு பிள்ளைக்கு ஒரு புத்தகம் என்பதை, கெஞ்சிக் கூத்தாடி இரண்டு பிள்ளைக்கு ஒன்று என்று ஆக்கினாள். எட்டாம் வகுப்புப் பெண்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீருக்கு வரிசையில் நின்றே காலைப் பொழுதைத் தொலைப்பதைப் பார்த்து, தாய்மார்களிடம் சண்டை போட்டுத் தண்ணீர் சுமக்கும் கழுதைகளை அப்பன்மார் ஓட்டும்படி செய்தாள். முத்தெங்கி என்ற இளம் கணக்கு வாத்தியாரை மரத்தடியில் தூங்கவிடாமல் விரட்டினாள். ஆகஸ்டில் வட்டார அளவில் மாதிரித் தேர்வு நடந்தது. கவும்பூனி கணக்கில் இரண்டாவது இடம்.

மும்புவா சந்தோஷத்தில் முத்தெங்கிக்குச் சோடா வாங்கிக் கொடுத்தாள். அவனோ சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டிருந்தான்.

"ஏன்டா, துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி உக்காந்திருக்க?"

"போன வருஷமும் மாதிரித் தேர்வுல இப்படித்தான் மேடம். அதுக்கு முந்தின வருஷமும். எல்லாம் நவம்பர் வரைக்கும்தான். கடைசிப் பரீட்சையில என்னமோ ஆயிடுது. பயந்துடுறாங்க. வயித்தைக் கலக்கிடுது."

வயிற்றைக் கலக்கியது என்று அவன் சொன்னதும் மும்புவாவுக்குப் போன நவம்பர் நினைவுக்கு வந்தது. பரீட்சை மூன்று நாள். முதல் நாள் காலையில் கணக்கு, பிறகு ஆங்கிலம். வினாத்தாளோடு ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியும் கையுமாக வந்து வாசலில் நிற்பார். எழுதுகிற பிள்ளை கழிப்பறைக்குப் போனால், வழியில் யாரும் விடை சொல்லிவிடாமல் அவர் கூடவே போய்க் கூடவே வர வேண்டும். அன்று அந்த மனிதர் உட்காரவேயில்லை. ஒருத்தனைக் கொண்டுவந்து விடுவதற்குள் அடுத்தவள் கையைத் தூக்குவாள். துப்பாக்கியைத் தோள் மாற்றி மாற்றி, கழிப்பறைக்கும் வகுப்புக்கும் நடந்து நடந்து அவர் சட்டை நனைந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பயம் என்று எல்லாரும் சொன்னார்கள். மும்புவாவும் அப்படித்தான் நம்பினாள்.

ஆனால் அன்று காலை மும்புவாவும் இரண்டு தடவை ஓடினாளே! அவள் எந்தப் பரீட்சையும் எழுதவில்லையே!

அவள் சோடா பாட்டிலைக் கீழே வைத்தாள். அதற்கு முந்தின மாலை என்ன நடந்தது? பரீட்சைக்கு முந்தின நாள் ஜெபக்கூட்டம். பேனாவையும் ஸ்கேலையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நிற்க, பாஸ்டர் ஆசீர்வதிப்பார். பிறகு பிள்ளைகளுக்குத் தைரியம் வருவதற்காக முலாண்டி தன் பட்டியிலிருந்து ஒரு கொழுத்த ஆட்டை அடித்துப் போடுவார். காலையிலேயே வெட்டி, மத்தியானமே ஆக்கி இறக்கிவிடுவார்கள். அதன்பிறகு கவுன்சிலர் பேசி, ஊர்த்தலைவர் பேசி, பாஸ்டர் பேசி, அந்த நவம்பர் வெயிலில் சட்டி அப்படியே கிடந்து, பொழுது சாயும்போதுதான் பரிமாறுவார்கள். கறி என்ற ஒன்றைக் கிறிஸ்துமஸுக்கு மட்டுமே பார்த்த வயிறுகள். வருஷம் பூரா இடித்த சோளமும் பயறும் தின்றவை. அவற்றுக்குக் கொழுப்பு சொட்டச் சொட்ட, போதும் போதும் என்றாலும் விடாமல், பாசத்தோடு ஊட்டுவார்கள். முடிவு மோசமானால் பிள்ளைக்குத் தைரியம் போதவில்லை என்று முடிவு கட்டி, மறு வருஷம் இன்னும் பெரிய ஆடு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

மும்புவா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு வருஷமாக முத்தெங்கியை விரட்டியிருக்கிறாள், பாவம்.

கண்டுபிடித்தது பெரிதில்லை. அதை ஊரில் எப்படிச் சொல்வது? ஆடு முலாண்டியின் ஆடு. பூட்டும் முலாண்டியின் ஆணியில்.

அக்டோபரில் பெற்றோர் கூட்டம் கூடியது. கணக்கு ஏன் விழுகிறது என்பதுதான் பேச்சு. ஒருவர் பள்ளிக்கூடம் கறையான் புற்றை இடித்துக் கட்டியது என்றார். இன்னொருவர் கணக்கு வாத்தியாருக்குக் கல்யாணம் ஆகாததுதான் காரணம் என்றார். "பொண்ணு பாத்துக் குடுங்க, நாளைக்கே பண்ணிக்கிறேன்" என்று முத்தெங்கி முணுமுணுத்தான். மும்புவா எழுந்து நின்றாள். இத்தனை ஆண்களுக்கு முன்னால் ஒரு தலைமை ஆசிரியை தன் வயிற்றைப் பற்றிப் பேசப்போகிறாள்.

"புத்தகம் பத்தாது, தண்ணி தூரம், எல்லாம் நிஜம்தான். ஆனா அதெல்லாம் மூணு நாளும்தானே இருக்கு? முதல் நாள் மட்டும் ஏன் விழறாங்க? நான் ஒண்ணு கேக்கறேன், யாரும் கோவிச்சுக்காதீங்க. போன வருஷம் ஜெபக்கூட்டத்துக்கு மறுநாள் காலையில எனக்கு வயிறு போச்சு. உங்க வீட்டுல யாருக்கும் போகலையா?"

ஆண்கள் தொப்பியைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு பருத்த அம்மாள் முந்தானைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள்.

"என்னத்தைச் சொல்ல டீச்சர்! எங்க வீட்டுக்காரரு அன்னிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் போனவரு மத்தியானம்தான் வந்தாரு!"

அவ்வளவுதான், தாய்மார்கள் வெடித்துச் சிரித்தார்கள். எங்க மாமியாரும், எங்க கொழுந்தனும் என்று ஆளாளுக்கு அவிழ்த்துவிட்டார்கள். வருஷா வருஷம் பரீட்சை தொடங்குகிற அந்தச் செவ்வாய்க்கிழமை ஊருக்கே வயிறு போயிருக்கிறது. ஊருக்குப் பரீட்சை இல்லாததால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

சிரிக்காத ஒரே ஆள் முலாண்டி.

"என் ஆடு சீக்காளி ஆடுங்கிறீங்களா டீச்சர்?"

"ஆடு நல்ல ஆடுதான் சேர்மன். நேரம்தான் தப்பு. பரீட்சை முடியட்டும், ஒண்ணுக்கு ரெண்டா அடிங்க. நானே வந்து வெங்காயம் உரிக்கிறேன்."

"எங்க அப்பா குடுத்தாரு, நான் குடுக்கறேன். சோளக்கஞ்சி குடிச்சிட்டுப் பிள்ளைங்க பரீட்சைக்குப் போனா பக்கத்து ஊர்க்காரன் காறித் துப்ப மாட்டானா?" தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்தினார். "சரி, உங்க இஷ்டம். ஆடு இல்லை. ஆனா கணக்கு ஏறலைன்னா, ஆணியில தொங்கறது உங்க கதவுக்கு வந்துடும். பாஸ்டர் இல்லை, பாஸ்டரோட அப்பன் வந்தாலும் நிக்காது."

"நானே கதவைப் பிடிச்சுப் பூட்டிக்கிறேன்" என்றாள் மும்புவா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். டீச்சரின் வாய் கொஞ்சம் நீளம்தான்.

சந்தைக்காரர்களுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்தால் போதாதா? "முலாண்டிகிட்ட ஆடு வாங்கினா பக்கத்துல புதர் இருக்கானு பாத்து வாங்கு" என்று கிண்டல் கிளம்பியது. நல்ல வியாபாரிக்கு இதைவிட அடி வேண்டாம். ஜெபக்கூட்டத்து நாள் காலையில் மும்புவா பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது, அடுப்பு மூட்டியிருந்தது. வேப்பமரத்தில் ஒரு கறுப்புக் கிடா கட்டியிருந்தது, கன்றுக்குட்டி உயரம். முலாண்டி சட்டைக்கையை மடித்துக்கொண்டு கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"சேர்மன், என்ன இது?"

"என் ஆட்டுல பழுது இல்லைன்னு காட்டறேன். தின்னுட்டு எம் பிள்ளைங்க கணக்கு எழுதட்டும். நீங்க நகருங்க."

தாய்மார்கள் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். அன்றைக்குச் சிரித்தவர்களும் இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. கிடாவைக் கண்டதும் அவர்கள் மனசு இளகிவிட்டது. நாளைக்குப் பிள்ளை பரீட்சைக்குப் போகிறது, வெறும் சோளத்தையா கொடுத்து அனுப்புவது? மும்புவாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிடாவின் கயிற்றைப் போய்ப் பிடித்துக்கொண்டாள். என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

எட்டாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். வவீன்யா, முலாண்டியின் கடைசி மகள். போன வருஷம் இதே பரீட்சையில் கணக்கில் விழுந்து, இந்த வருஷம் மறுபடி அதே வகுப்பில் உட்கார்ந்தவள். மாதிரித் தேர்வில் கணக்கில் அவள்தான் வகுப்பிலேயே முதல்.

"அப்பா, நான் சாப்பிட மாட்டேன்."

"நீ சும்மா இரு. போன வருஷம் பயந்துதானே கோட்டை விட்டே?"

"நான் பயப்படலைப்பா." அவள் முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை. "கணக்கெல்லாம் எனக்குத் தெரிஞ்ச கணக்கு. உக்காரத்தான் முடியலை. எந்திரிச்சு எந்திரிச்சுப் போனேன். அந்தப் போலீஸ்காரர் துப்பாக்கியோட கதவுக்கு வெளியவே நின்னாரு. அப்புறம் பசங்க எல்லாம் சிரிச்சாங்க. மறுபடி கைதூக்க வெக்கமா இருந்துது. பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தேன். பாதித் தாளை அப்படியே வெச்சிட்டு வந்துட்டேன்."

முலாண்டியின் கையிலிருந்த கத்தி கீழே இறங்கியது. "ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"எப்படிப்பா சொல்றது? நீங்கதானே உங்க கையால கொழுப்பா இருக்கற துண்டா எடுத்து எடுத்து எனக்கு வெச்சீங்க."

அந்த மனிதர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மும்புவாவுக்கு அந்த நேரத்தில் அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. மகளுக்குத் தன் கையாலேயே கேடு செய்துவிட்டோம் என்று தெரிந்த ஒரு தகப்பன் முகத்தை யாரும் அதிக நேரம் பார்க்க முடியாது.

முலாண்டி கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகினார். மும்புவாவின் கையிலிருந்து கயிற்றை வாங்கி, கிடாவை இழுத்துக்கொண்டு சந்தை ரோட்டில் நடந்தார். "என்ன முலாண்டி, ஆடு பாஸாயிடுச்சா?" என்று கடைக்காரன் கத்தினான். அவர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். அன்று மாலை பேனாக்களை ஆசீர்வதித்து முடித்ததும் பிள்ளைகள் எப்போதும் தின்கிற இடித்த சோளத்தையும் பயறையும் சூடாகத் தின்றுவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போனார்கள்.

மறுநாள் காலை அதே போலீஸ்காரர்தான் வந்தார். வந்ததுமே கழிப்பறைக்குப் போகிற பாதையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கணக்குத் தாள் கொடுத்தார்கள். மும்புவா தூரத்து வேப்பமரத்தடியில் நின்று வகுப்பு ஜன்னலையே பார்த்தாள். ஒரு கை தூக்கப்படவில்லை. ஒரு தலை நிமிரவில்லை. வவீன்யா குனிந்தவள் குனிந்தபடியே எழுதிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் நாற்காலியில் சாய்ந்து, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, குறட்டை விட ஆரம்பித்தார். அந்தக் குறட்டையைப்போல இனிமையான சங்கீதத்தை மும்புவா தன் வாழ்நாளில் கேட்டதில்லை.

ஆனாலும் முடிவு வரும்வரை உயிர் அவளிடம் இல்லை. கிறிஸ்துமஸ் போனது. டிசம்பர் கடைசியில் முடிவு வந்துவிட்டதென்று ரேடியோ சொன்னது. பள்ளிக்கூட வீட்டில் அவள் போனுக்குச் சிக்னல் கிடையாது. குன்றின்மேல் ஏறினால்தான் கிடைக்கும். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சந்தை ரோட்டிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது.

கவும்பூனியில் ஒரு கஷ்டம். பூட்ட வரும்போது பாடுகிற மெட்டும், கொண்டாட வரும்போது பாடுகிற மெட்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் மரக்கிளைதான் ஒடிப்பார்கள். புழுதிக்குள் பச்சைக் கிளைகள் ஆடி ஆடி வருவது தெரிந்தது. கூட்டத்துக்கு முன்னால் பெரிய தொப்பி. தொப்பிக்காரரின் கையில் ஏதோ பளபளத்தது. பூட்டு.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று மும்புவா ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆபீஸ் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். பூட்டுகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பூட்டட்டும் என்று இருந்தது அவளுக்கு.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வவீன்யா ஓடிவந்தாள். வந்த வேகத்தில் மும்புவாவை இடுப்போடு கட்டிக்கொண்டாள்.

"டீச்சர்! கணக்குல நாமதான் முதல்! வட்டாரத்துலயே முதல்! எனக்குத் தொண்ணூத்தாறு டீச்சர்!"

அடுத்து நடந்தது மும்புவாவுக்குச் சரியாகத் தெரியாது. யார் யாரோ அவளைத் தூக்கினார்கள். கிளைகள் முகத்தில் உரசின. தாய்மார்கள் குலவையிட்டார்கள். பக்கத்தில் முத்தெங்கியையும் தூக்கிவிட்டிருந்தார்கள். "இப்ப பொண்ணு குடுங்க, இப்ப குடுங்க!" என்று அவன் கத்திக்கொண்டிருந்தான். அவள் அழுதாள், சிரித்தாள், ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. முட்டாள்கள் இல்லை, என் பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தோளிலேயே தூக்கிக்கொண்டு போய் அவளை இறக்கிவிட்ட இடம் முலாண்டியின் ஆட்டுப்பட்டி. கம்பத்தில் ஆணி மட்டும் இருந்தது. முலாண்டி உள்ளே போய்க் கறுப்புக் கிடாவையும் இன்னொன்றையும் வெளியே இழுத்துவந்து வெட்டுகிறவர்களிடம் கொடுத்தார். பிறகு பட்டிக் கதவைச் சாத்தி, எல்லாரும் பார்க்க, அந்தப் பூட்டை அதில் மாட்டி அழுத்தினார். டக்கென்று விழுந்தது.

"இந்தாங்க டீச்சர்." சாவியை இரண்டு கையாலும் நீட்டினார். "அடுத்த வருஷம் ஜெபக்கூட்டத்துக்கு மொத நாள் இதை நீங்களே வந்து பூட்டிட்டுப் போகணும். பரீட்சை முடிஞ்சுதான் திறக்கணும். அதுக்கு நடுவுல நான் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க. எம் புத்தி எனக்கே தெரியும்."

"கேட்டு அழுதா?"

"அழுதாலும் குடுக்காதீங்க."

மும்புவா சாவியைத் தலைத்துணியின் முனையில் முடிந்துகொண்டாள். கறி வெந்ததும் இந்தத் தடவை யாரையும் பேசவிடவில்லை. கவுன்சிலர் எழுந்ததைப் பார்த்து, அந்தப் பருத்த அம்மாள் அவர் கையில் ஒரு எலும்பைக் கொடுத்து உட்காரவைத்தாள். வவீன்யா தன் கையாலேயே சட்டியில் துழாவி, இருப்பதிலேயே கொழுப்பான துண்டை எடுத்து முதலில் அப்பாவுக்கும் அப்புறம் டீச்சருக்கும் வைத்தாள். மும்புவா வஞ்சனையில்லாமல் தின்றாள், இன்னும் வை என்று தட்டை நீட்டினாள். நாளைக்கு ஊரில் யாருக்கும் பரீட்சை இல்லை.